மாதம் பத்து ரூபாய்

போக்கியத்துக்கு விட்ட வீட்டுக்கு வாடகை கிடையாது. குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்பார். வீட்டுக்காரர் அதை வாங்கித் தன் தொழிலில் போட்டுக்கொள்வார். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. மூன்று வருடம் கழித்துப் பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியது. கள்ளக்குறிச்சியில் பாதிக் குடித்தனம் இப்படித்தான் நடந்தது.

முகம்மது கவுஸ் பாய் வீட்டில் மட்டும் போக்கியமும் உண்டு, வாடகையும் உண்டு. மாதம் பத்து ரூபாய்.

பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டைச் சும்மா கொடுத்தால், அது வட்டியைச் சுற்றிவளைத்துக் கொடுத்ததாகிவிடாதா என்று ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. வட்டி வாங்குவதும் ஹராம், கொடுப்பதும் ஹராம். பத்து ரூபாயாவது வாடகை என்று வைத்துவிட்டால் போக்கியப் பணம் வெறும் கைமாற்று ஆகிவிடும். இந்த வழியை அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். சரிதானா என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கவில்லை. கேட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். கயிறும் சாக்கும் விற்கிற கடைக்காரர். ஆயிரம் ரூபாய்ச் சரக்கில் ஐந்து பத்து விட்டுக்கொடுப்பார். இந்தப் பத்து ரூபாயில் மட்டும் கறாராக இருந்தார்.

எண்பத்து நாலாம் வருடம் ஐப்பசியில் சின்னதுரை அந்த வீட்டுக்குக் குடிவந்தான். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி ஐந்து மாதம். போக்கியத் தொகை ஆறாயிரம். அவனிடம் அவ்வளவு இல்லை. அவன் மனைவி பாப்பாத்தி கழுத்திலிருந்த சங்கிலியையும் கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றி வைத்தாள். ஆறு பவுன். வாடகைக்குக் கொடுக்கிற காசு போனது போனதுதான், போக்கியத்துக்குக் கொடுத்தால் மூன்று வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும் என்றாள். எட்டாவது வரை படித்தவள். கணக்கில் அவனைவிட வேகம். நகை பேங்குக்குப் போயிற்று, ஆறாயிரம் பாய் கைக்குப் போயிற்று. பேங்கு வட்டியைச் சின்னதுரை சம்பளத்தில் கட்டி வந்தான்.

பாய் குடும்பமும் இவர்கள் குடும்பமும் ஒரே கட்டடத்தில் இரண்டு பாதி. நடுவில் ஒரு சுவர். பின்னால் கிணறும் கொல்லையும் பொது. பாயின் மனைவி அத்தியாவைப் பாப்பாத்தி அக்கா என்று கூப்பிட்டாள். அத்தியா கோழி வளர்த்தாள். பாப்பாத்தி அந்தக் கோழிகளுக்குப் பெயர் வைத்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்தால் இரண்டு வீட்டிலும் சோறு நேரமாகும்.

முதல் மாத வாடகையைக் குடிவந்த அன்றே கொடுத்தார்கள். பிறகு சம்பளம் வாங்குகிற அன்று சின்னதுரை பத்து ரூபாயை நான்காக மடித்துச் சமையலறை மேல் பலகையில் இருக்கும் கடுகு டப்பாவில் போடுவான். பாப்பாத்தி எடுத்துக் கொல்லை வழியாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். அவன் பாயிடம் ரசீது கேட்டதில்லை.

மூன்றாம் வருடம் தை மாதக் கடைசியில் பாப்பாத்தி இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அத்தியா பதினோரு நாளும் கூட இருந்தாள். பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு சின்னதுரை பள்ளிக்கூடம் போனான், வந்தான். ஓட்டலில் சாப்பிட்டான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதினான். அங்கே போகிறேன் என்று கேட்பவர்கள் குறைவு. உத்தரவு ஒரே மாதத்தில் வந்துவிட்டது. போக்கியக் கெடு முடிகிற சமயம் மலைக்குப் போய் வேலையில் சேர வேண்டியது.

பிள்ளை இல்லாமல் இறந்த பெண்ணுக்குப் போட்ட நகை பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அவர்கள் பக்கத்து வழக்கம் அது. நைனார்பாளையத்தில் மாமியார் ரங்கம்மாள் வாய்விட்டுக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் சின்னதுரையே சொன்னான். போக்கியப் பணம் வந்ததும் நகையை மீட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றான். பாப்பாத்தியின் தங்கைக்கு வரும் ஐப்பசி இருபதில் கல்யாணம் என்று பிறகு முடிவாயிற்று. அந்த ஆறு பவுன் அவள் கழுத்துக்கும் கைக்கும் போக வேண்டியது. அந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்பது மட்டும் சின்னதுரைக்கு மனதில் இருந்தது. வேறு எதுவும் அவன் மனதில் தங்குவதில்லை.

புரட்டாசி பிறப்பதற்கு மூன்று நாள் முன்னால் பாய் வீட்டைப் பார்வையிட வந்தார். கையில் கடைக் கணக்கு நோட்டு. சுவரைத் தட்டிப் பார்த்தார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். வெள்ளையடிக்க அறுபது ரூபாய் என்று எழுதிக்கொண்டார். கிணற்று ராட்டினம் இரண்டு பேருக்கும் பொது, தேய்மானத்துக்குப் பாதி ஏழரை ரூபாய் என்றார். சின்னதுரை சரி என்றான். பாய் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாடகை பாக்கி முந்நூற்று இருபது என்றார்.

முதல் நாலு மாதம் வாடகை வந்தது, அதற்குப் பிறகு முப்பத்திரண்டு மாதம் வரவில்லை என்பது பாயின் கணக்கு. பத்து ரூபாய்க்காக ஒரு பெண்பிள்ளையிடம் போய் வாய்திறப்பது அசிங்கம் என்று மாதாமாதம் எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். கடைசியில் மொத்தமாக வந்துவிட்டால் போதும், பாக்கி என்று நோட்டில் நிற்கிறதே, அது வாடகைதானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

மாதாமாதம் கொடுத்தாயிற்று என்றான் சின்னதுரை. தன் கையால் எடுத்து வைத்தது, பாப்பாத்தி கொண்டுபோய்க் கொடுத்தது.

"யார்கிட்ட குடுத்துச்சி வாத்தியாரே? என் கைக்கு வரலியே."

"அக்காகிட்ட குடுத்திருப்பா."

பாய் உள்ளே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கேட்பதும், பதில் ஒன்றும் வராததும் சின்னதுரைக்குக் கேட்டது. திரும்பி வந்தவர், அவள் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றார். பிறகு தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். முந்நூற்று இருபதைச் சின்னதுரை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதை வேறு வகையில், கடையிலிருந்து சாமான்செட்டாகவோ எப்படியோ அவர் திருப்பித் தந்துவிடுவார்.

"நான் காசுக்காக கேக்கல வாத்தியாரே. இந்தப் பத்து ரூபா வரலன்னா மூணு வருசமா நான் வட்டி குடுத்துக்கினு இருந்திருக்கேன்னு ஆயிடும். நாளைக்கு மேல போயி பதில் சொல்லணும் இல்ல."

"நான் குடுத்தா, அவ குடுக்கலன்னு ஆயிடும் பாய்."

"மறந்திருக்கும். சின்னப் பொண்ணு."

"அவ மறக்கமாட்டா."

எட்டு மாதத்தில் சின்னதுரை குரல் உயர்ந்தது அப்போதுதான். அவனுக்கே அது தெரிந்தது. முந்நூற்று இருபது பெரிய தொகை இல்லை. சக வாத்தியார் யாரிடமாவது வாங்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்தால், அவன் வைத்த பணத்தைப் பாப்பாத்தி எடுத்து வேறு என்னவோ செய்தாள் என்று அவனே கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். பாய் கழித்துக்கொண்டால் ஆறாயிரம் முழுசாக வராது, நகை வெளியே வராது. இரண்டில் எதையும் அவனால் விட முடியவில்லை.

அதுவும் பணம் இருந்தால்தான் பேச்சு. போக்கியப் பணத்தைப் பாய் கயிற்றிலும் சாக்கிலும் போட்டிருந்தார். புதிதாகக் குடிவருகிறவர் தருகிற தொகையை வாங்கித்தான் பழைய ஆளுக்குத் தருவது வழக்கம். புது ஆள் கந்தசாமி, சின்னசேலத்தில் வெல்ல மண்டிக் கணக்குப்பிள்ளை. கெடு முடிய இன்னும் நாள் இருந்தாலும் வியாழக்கிழமை நல்ல நாள் என்று எட்டாயிரத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் தொடங்கிற்று. ஒரு வாரம் என்று அறிவித்திருந்தார்கள். சேலம் ரோடு, தியாகதுருகம் ரோடு, எந்தப் பக்கம் போனாலும் மரம் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஓட்டலும் அடைப்பு. முதல் நாள் மத்தியானம் சின்னதுரை தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பாய் ஒரு தட்டில் சோறும் கிண்ணத்தில் தால்ச்சாவும் வைத்து எடுத்துக்கொண்டு நின்றார். முகம் இறுகித்தான் இருந்தது.

"இது வேற, அது வேற," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சின்னதுரை தட்டைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அடுத்த நாள் இரண்டு வேளை. அதற்கடுத்த நாள் மூன்று வேளை. நோட்டில் முந்நூற்று இருபது அப்படியே நின்றது. பாய்க்குச் சமையல் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. உப்பு ஜாஸ்தி, புளி கம்மி என்று சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் குறை. அத்தியா பதில் பேசவில்லை. அவள் அப்படிப் பேசாமல் இருக்கிறவள் இல்லை.

நாலாம் நாள் காலை கண்ணாயிரம் வந்து சேர்ந்தான். பாப்பாத்தியின் அண்ணன். நைனார்பாளையத்திலிருந்து சைக்கிள். வழியில் பதினேழு இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டினானாம். எண்ணி வைத்திருந்தான். சட்டை முழுக்கப் புளியம்பட்டை. உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

"இன்னா மாப்ளே, இப்டி எளச்சிட்டீங்க," என்றான். உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான். அம்மா அனுப்பினாள் என்றான். கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம்தான் இருக்கிறது, நகை எப்போது வரும் என்று கேட்டுவரச் சொன்னாளாம். கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. காலைக் காலால் தேய்த்துக்கொண்டு கேட்டான்.

சின்னதுரை நிலைமையைச் சொன்னான். சின்னசேலத்திலிருந்து கந்தசாமி பணத்தோடு வர வேண்டும். ரோடு அடைத்துக் கிடக்கிறது. முதல் மரமே சின்னசேலம் எல்லையில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய புளியமரமாம். அதைத் தாண்டி ஒரு வண்டியும் வரவில்லையாம்.

கண்ணாயிரம் கொஞ்ச நேரம் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மரம் நாங்க வெட்டினதுதான் மாப்ளே."

வாசலில் தட்டோடு வந்து நின்ற பாய்க்கு இது காதில் விழுந்துவிட்டது. அந்த நாலு நாளில் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது முதல் தடவை.

"அடப்பாவி. உன் வூட்டு நகைக்கு வர்ற பணத்துக்கு நீயே குறுக்க மரத்தை போட்டுட்டு, இங்க வந்து பணம் எங்கன்னு கேட்டுக்கினு இருக்கியா?"

"பசங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் பாய் போட்டோம். நகைன்னு தெரிஞ்சா வேற மரமா பாத்து வெட்டியிருப்பேன்."

பாய் தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சிரித்த வாயோடு அவரும் உட்கார்ந்துவிட்டார். ரோடு திறந்ததும் முழுப் பணமும் தந்துவிடுவேன், வெள்ளையடிக்கிற அறுபதும் ராட்டினத்துக்கு ஏழரையும் வாடகை பாக்கி முந்நூற்று இருபதும் போக, என்றார். வியாபாரி வாய். பழக்கத்தில் வந்துவிட்டது.

என்ன வாடகை பாக்கி என்றான் கண்ணாயிரம்.

சின்னதுரை ஒன்றுமில்லை மச்சான் என்றான். கண்ணாயிரம் விடவில்லை. பாய் சொல்ல வேண்டியதாயிற்று. எவ்வளவு பதமாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். வாத்தியார் வைத்த பணத்தைப் பாப்பாத்தி எடுத்தாள், பாய்க்கு வந்து சேரவில்லை.

கண்ணாயிரம் எழுந்து நின்றான். கோபத்தில் கத்துகிறவன் இல்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"என் தங்கச்சி திருடிட்டான்றியா பாய்?"

பாய் இரண்டு கையையும் தூக்கி இல்லை இல்லை என்றார். சின்னதுரை குறுக்கே வந்து மச்சானின் தோளைப் பிடித்தான். இறுகிக் கிடந்தது. அப்போது கொல்லைப்பக்கம் ஏதோ கனமான பொருள் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

அத்தியா சமையலறை வழியாக உள்ளே வந்தாள். பாயின் கடைச் சாக்கு ஒன்றில் உருண்டையாக எதையோ கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். நடுக்கூடத்தில் நிறுத்திச் சாக்கை உருவினாள். பித்தளை அண்டா. புதுசு. கூடத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் அதன்மேல் வந்து விழுந்தது.

"பத்து ரூபா எங்க போச்சின்னு கேட்டீங்க இல்ல. இங்கதான் போச்சி," என்றாள்.

பாத்திரக்கடைச் சீட்டு. மாதம் பத்து ரூபாய், முப்பது மாதம். மாதாமாதம் குலுக்கல் உண்டு. குலுக்கலில் பெயர் விழுந்தால் மீதியைக் கட்டாமலே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சீட்டுச் சேர ஆசைப்பட்டது அத்தியா. அவள் பெயரில் சேர்ந்தால் கடைக்காரன் கடைத்தெருவில் பெயரைக் கூவுவான், பாய் காதுக்கு எட்டும். குலுக்கல் என்றால் சூதாட்டம், அதுவும் ஹராம் என்பார். அதனால் சீட்டு பாப்பாத்தி பெயரில். வாடகையைக் கொண்டுவந்து பாப்பாத்தி அத்தியா கையில் கொடுப்பாள். அத்தியா அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, போய்க் கட்டிவிட்டு வா என்பாள். தங்கச்சி கல்யாணத்துக்கு அக்கா சீராக ஒரு அண்டா தர வேண்டும் என்று பாப்பாத்தி ஒரு நாள் சொன்னாளாம். சரி, அண்டா உனக்கு, அடுத்த சீட்டில் எனக்கு என்று அத்தியா முடிவு செய்துவிட்டாள்.

"இருவத்தி நாலு மாசம் அவ கட்டினா. மீதி ஆறு மாசம் நான் முட்டை காசுல கட்டினேன். ஆடி மாசம் எடுத்தாந்து அரிசி மூட்டைக்கு பின்னால வெச்சிருக்கேன்."

"குலுக்கல் சீட்டு," என்றார் பாய். அவர் முகம் வெளுத்திருந்தது. "என் வாடகைய சூதுல போட்டிருக்கீங்க, ரெண்டு பேரும்."

"ஒரு மாசங்கூட பேரு வுழல. முழுசா கட்டித்தான் எடுத்தோம். ஜெயிச்சாதானே சூது? இது வெறும் வெலைக்கு வாங்கினது."

பாய் வாயைத் திறந்தார், மூடினார்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று சின்னதுரை கேட்டான். சொல்லியிருந்தால் பாய் அண்டாவை விற்று யாருக்காவது தர்மம் செய்திருப்பார் என்றாள் அத்தியா. கல்யாணம் முடியட்டும் என்று பார்த்தாளாம். தம்பி முந்நூற்று இருபதைக் கொடுத்துவிடும், பிறகு முட்டைக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாளாம். "தம்பி குடுக்கமாட்டேன்னு நின்னுடுச்சி. நாலு நாளா எனக்கு சோறு எறங்கல."

கண்ணாயிரம் அண்டாவின் பக்கத்தில் குந்தினான். விளிம்பில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. விரலால் தடவி எழுத்துக்கூட்டி வாசித்தான். பாப்பாத்தி, கள்ளக்குறிச்சி.

"யார் பேரு வெட்டணும்னு கடைக்காரன் கேட்டான்," என்றாள் அத்தியா. "சீட்டு யார் பேர்ல இருக்குதோ அந்தப் பேருன்னேன்."

பாய் நோட்டைப் பிரித்துப் பென்சிலை எடுத்தார். வாடகையை வீட்டுக்காரன் வாங்கினால் என்ன, வீட்டுக்காரி வாங்கினால் என்ன, வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தால், மூன்று வருடச் சுமை இறங்கியதுபோல் இருந்தது. இருபத்து நாலு வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். பென்சில் நின்றது.

"அப்போ எட்டு மாசம்தான் பாக்கி வாத்தியாரே. எம்பது ரூபா."

"அதுவும் குடுத்தாச்சி பாய்," என்றான் சின்னதுரை. "மாசா மாசம் குடுத்துக்கினுதான் இருக்கேன். போன மாசமும் குடுத்தேன்."

கண்ணாயிரம் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாயின் பென்சில் நோட்டின்மேல் அப்படியே இருந்தது.

"யார்கிட்ட தம்பி குடுத்தே?" என்று அத்தியா மெதுவாகக் கேட்டாள்.

சின்னதுரை பதில் சொல்ல வாய் திறந்தான். பெயர் வாய் வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் நின்றது.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். மேல் பலகையில் கை நீட்டினான். டப்பா எங்கே இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும், பார்க்க வேண்டியதில்லை. எட்டு மாதமும் பார்க்காமல்தான் மூடியைத் தூக்கி நோட்டைப் போட்டிருந்தான். இப்போது இறக்கித் திறந்து பார்த்தான். அடியில் இரண்டு விரல் உயரம் கடுகு. அதன்மேல் எட்டு நோட்டு, நான்காக மடித்தது. எடுக்க ஆள் வரும் என்று காத்துக்கொண்டிருந்தன.

டப்பாவோடு வந்து பாய் முன்னால் வைத்தான்.

பாய் நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக விரித்தார். மடிப்பிலிருந்து கடுகு உருண்டது. அதைப் பொறுக்கி டப்பாவிலேயே போட்டார். எட்டு நோட்டையும் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசி எட்டு வரியையும் அடித்தார்.

"சரியா இருக்கு," என்றார். குரல் சரியாக இல்லை. "அந்தப் பொண்ணு கணக்கும் சுத்தம், உன் கணக்கும் சுத்தம்."

கண்ணாயிரம் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். ராட்டினம் சுற்றுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டாம். சின்னதுரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் நனைந்திருப்பதை அத்தியா முந்தானையைக் கொடுத்தபோதுதான் கவனித்தான்.

திரும்பி வந்த கண்ணாயிரம் ஒரு சந்தேகம் கேட்டான். வாடகை பாயுடையது. வாடகைப் பணத்தில் வாங்கிய அண்டா அப்படியானால் பாயுடையதுதானே?

"பாதி சூது, பாதி முட்டை. அதை நான் வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார் பாய். "எடுத்துக்கினு போய்யா. கல்யாணத்துல சோறு வடிச்சா எனக்கும் ஒரு எலை போடு."

மறியல் முடிகிற வரை கண்ணாயிரம் அங்கேயே இருந்தான். அவனும் சின்னதுரையும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள் என்று சொல்லலாம், அத்தியாவிடம் பெரிய தட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பாய்க்கு உப்பும் புளியும் சரியாகிவிட்டன. ஏழு நாள் முடிந்த மறுநாள் காலையில் பாய் கடையைத் திறந்து, ஒரு கட்டு வடக்கயிற்றை எடுத்துக் கண்ணாயிரத்தின் தோளில் போட்டார். போட்டவனே எடுக்கிறதுதான் முறை என்றார். கயிற்றுக்குக் காசு வேண்டாம், திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்றார்.

சின்னதுரையும் கூடப் போனான். அந்த மரத்திடம் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி இருக்கும். கிளையை வெட்டிக் கயிற்றைக் கட்டி ஊர்க்காரர்கள் முப்பது பேர் இழுத்தார்கள். சின்னதுரை அவ்வளவு பலமாக எதையும் இழுத்து வெகு காலமாயிற்று. உள்ளங்கை எரிந்தது. நன்றாக இருந்தது. மரம் நகர்ந்து ஒரு பஸ் அகல வழி விட்டது. அந்தப் பக்கம் நின்ற முதல் பஸ்ஸில், ஜன்னலோரம், மடியில் மஞ்சள் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கந்தசாமி உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் புண்ணியவான்யா இந்த மரத்தை வெட்டினவன்?" என்று அவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

கண்ணாயிரம் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

அன்று மத்தியானமே புதுப் பத்திரம் எழுதினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சின்னதுரையையே எழுதச் சொன்னார் பாய். போக்கியம் எட்டாயிரம், வாடகை மாதம் பத்து ரூபாய் என்று எழுதியதும், இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். மேற்படி வாடகையை வீட்டுக்காரர் கையிலோ அவர் மனைவி கையிலோ கொடுக்கலாம், யார் கையில் கொடுத்தாலும் செல்லும். சின்னதுரை எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தியா செருமினாள்.

பாய் ஆறாயிரத்தையும் முழுசாக எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடியே இருந்தார்.

"அறுபத்தி ஏழரை," என்றார்.

சின்னதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்பளப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

பேங்கில் நகையை வாங்கிக் கண்ணாயிரத்தின் இடுப்பு வேட்டியில் முடிந்துவிட்டான். அண்டாவைச் சைக்கிள் கேரியரில் கவிழ்த்து வைத்துக் கட்டினார்கள். கட்டுவதற்குப் பாய் கடைக் கயிறுதான். அதற்கும் காசு வாங்கவில்லை. கல்யாணத்துக்கு வந்துடணும் மாப்ளே என்று கண்ணாயிரம் மூன்று முறை சொன்னான். வரேன் மச்சான் என்று சின்னதுரை மூன்று முறையும் சொன்னான்.

அவன் சாமான் ஒரு பெட்டி, ஒரு கோரைப்பாய், இரண்டு பாத்திரம். சாவியைக் கொடுக்கப் போனபோது அத்தியா கடுகு டப்பாவை எங்கே என்று கேட்டு வாங்கி உள்ளே கொண்டுபோனாள். திருப்பித் தந்தபோது கனமாக இருந்தது.

"ஓட்டல்ல துன்னுக்கினு திரியாதே. மலைல ஓட்டலும் இருக்காது," என்றாள்.

வெள்ளிமலையில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள். வாடகை இல்லை. மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. அறைக்கு வந்ததும் சின்னதுரை ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நான்காக மடித்தான். மடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் டப்பாவை இறக்கித் திறந்தான். விளிம்பு வரைக்கும் கடுகு. நோட்டு வைக்க இடமில்லை.

நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தான். எண்ணெய் காயட்டும் என்று நின்றான். அவளைப்போல் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டான். அளவு தெரியவில்லை, கொஞ்சம் ஜாஸ்தி. அறை முழுக்கக் கடுகு வெடித்தது.